ஐந்து புயலும் அறுபத்தெட்டு ஜாடியும்

கில்ன் சூளைக்குள் முதல் ஜாடி வெடித்தபோது காலை மணி பத்து இருபது. அடுத்தது பத்து இருபத்து மூன்றுக்கு. பதினேழு வரை எண்ணினேன். அதற்கு மேல் சத்தங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் எண்ண முடியவில்லை. கில்ன் ஆபரேட்டர் சவரிமுத்து கேஸை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

விருத்தாசலத்து செராமிக் யூனிட்டுகளில் முப்பத்தெட்டு வருஷம் ஜாடிகளை உலர்த்தும் டிரையிங் செக்‌ஷன் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், அமுதாவின் சின்ன யூனிட்டுக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன். கடந்த மழைக்காலத்தில் அமுதாவுக்கு மதுரை ஊறுகாய் கம்பெனி ஒன்றிடமிருந்து முந்நூறு ஜாடிக்கு ஆர்டர் வந்தது. அது தவறினால் யூனிட்டைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர்.

1. எந்த வரலாறு?

மழைக்காலம் வந்தாலே டிவிக்காரர்கள் ‘வரலாறு காணாத’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீக்கடையிலும் அதே பேச்சு. எந்த வரலாறு? யார் எண்ணினார்கள்? நான் எண்ணினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் எத்தனை புயல் எச்சரிக்கை வந்தது, சுடாத பச்சை ஜாடி உலர எத்தனை நாள் ஆனது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். என் நோட்டின் ரெக்கார்டு ஒரே சீசனில் ஏழு எச்சரிக்கை. அந்த வருஷமே ஒன்பது நாளில் ஜாடி உலர்ந்தது. இந்த முறை அதுவரை வந்தது ஐந்துதான்.

“ஏழுக்கே ஒன்பது நாள் போதும்னா, அஞ்சுக்குத் தாராளமா போதும்மா” என்று அமுதாவிடம் சொன்னேன். அவர் அதை நம்பி, ஊறுகாய்க்காரருக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

2. தராசு

ஜாடி உலர்ந்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஜாடியைத் தினமும் எடை போடுவோம். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையவில்லை என்றால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் தராசு ஒரு கிராம்கூட மாறவில்லை.

முதல் லோடு நூற்றைம்பது ஜாடி. கில்னில் ஏற்றுவதற்கு முன் சவரிமுத்து ஒரு ஜாடியைக் கவிழ்த்து அதன் அடியில் கன்னத்தை வைத்தார்.

“சில்லுன்னு இருக்குது சார். ஏத்த வேணாம்.”

“தராசு ரெண்டு நாளா நிக்குதுப்பா.”

“தராசுக்குக் கன்னம் இருக்குதா சார்? ஒரு நாளு கதவத் தொறந்து வெச்சு, சின்னத் தீயில வுடலாம். அப்புறம் ஏத்திக்கலாம்.”

“நோட்டுல அப்படி இல்லை.”

“உங்க நோட்டு நனையாம பீரோக்குள்ள இருக்குது சார். ஜாடி வெளியில இல்ல இருக்குது!”

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம். லோடை ஏற்ற வைத்து, நானே போய் பர்னர் சுவிட்சைப் போட்டேன்.

3. இடைவெளி

மறுநாள் கில்ன் ஆறியதும் திறந்தோம். உடைந்தது அறுபத்தெட்டு. மிஞ்சியது எண்பத்திரண்டு. இரண்டாவது லோடு நூற்றைம்பதும் ரேக்கில் நின்றது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ரெக்கார்டு வருஷத்தில் ஒரு எச்சரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஆறு நாள் வெயிலும் வாடைக்காற்றும் இருந்திருக்கிறது. இந்த முறை ஒன்று கரையேறும் முன்பே அடுத்தது. மழை நின்ற நாளிலும் காற்று ஈரத்துணி மாதிரி. ஜாடியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமில்லை. அதனால்தான் எடை நின்றது. நான் அதை உலர்ந்ததாக எடுத்துக்கொண்டேன். உள்ளே நின்ற ஈரம் சூட்டில் ஆவியாகி ஜாடிகளை வெடிக்க வைத்தது. முப்பத்தெட்டு வருஷ நோட்டில் புயல்களை எண்ணியிருக்கிறேன், நடுவில் வந்த வறண்ட நாட்களை ஒரு முறைகூட எண்ணவில்லை.

காலையில் அமுதாவிடம் சொன்னேன். “தப்பு என் பேர்லம்மா. சவரிமுத்து சொன்னாரு. நான் கேக்கல.”

அவர் என்னைத் திட்டவில்லை. ஊறுகாய்க்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மழையைச் சொல்லி ஆரம்பித்தார்.

“எல்லா ஊர்லயும்தாம்மா மழை” என்றார் ஊறுகாய்க்காரர். “உங்க ஊர்ல மட்டும் தனியா பெய்யுதா?”

“இல்லீங்க. நாங்க அவசரப்பட்டுட்டோம். பத்து நாள் குடுங்க. எரநூத்தி முப்பது அனுப்பறேன். மீதி பொங்கலுக்கு முன்னாடி.”

“எரநூத்தி முப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியத் திருப்பி அனுப்பிடுவேன்.”

மிஞ்சிய எண்பத்திரண்டையும் இரண்டாவது லோடையும் சவரிமுத்து சொன்னபடியே செய்தோம். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் கதவைத் திறந்து வைத்துச் சின்னத் தீ. எடை ‘நின்றுபோன’ அதே ஜாடி மேலும் எண்பது கிராம் குறைந்தது. அதன் பிறகு சுட்டதில் ஒன்றில்தான் விரிசல் விட்டது. கிளேஸ் பூச்சு போட்டு முடித்து வண்டியில் ஏற்றியது இருநூற்று முப்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன். வண்டி திரும்பி வரவில்லை.

மீதி ஜாடிகளை மண்ணில் பிடிக்கும்போது அமுதா என்னிடம் கேட்டார், “இது எத்தனை நாள் சார்?”

“சவரிமுத்துவைக் கேளும்மா.”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் சவரிமுத்து. “அடுத்த புயல் எப்போன்னு மொதல்ல சார் சொல்லட்டும்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தைப் பழைய ரெக்கார்டோடு ஒப்பிடுவதானால், எத்தனை புயல் என்பதோடு நடுவில் எத்தனை நாள் காற்று வறண்டது என்பதையும் எழுதுங்கள். அதுவும் போதாது. ஜாடியைக் கையில் வைத்திருப்பவர் வேண்டாம் என்றால், சுவிட்சிலிருந்து கையை எடுங்கள்.