குட்டிக்குப் பக்கத்தில் கலந்தர் நானா

மாத்தளைக் கடைவீதியில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற கலந்தர் நானா, இலங்கைக்காக மூன்று நாடுகளுக்குப் பந்து உருட்டப் போய் வந்தவர். ஓடவும் மாட்டார், குதிக்கவும் மாட்டார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட வேகமாக நடந்ததில்லை. போன இடங்களில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனாலும் இப்படிப்பட்ட ஆளுக்கும் ஆண்டவன் ஒரு விளையாட்டை உண்டாக்கி வைத்திருந்தானே, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேற, தோட்டத்துக் கிளப்பின் புல்தரையில் பந்து உருட்டி விளையாட ஆள் குறைந்துபோனது. ஒருநாள் நாலாவது ஆள் கிடைக்காமல், கிளப் கிளார்க் நோபர்ட், மிளகு பார்க்க வந்த கலந்தரைப் பிடித்து நிறுத்தினார்.

"நானா, கஷ்டமே இல்ல. அந்தச் சின்ன வெள்ளப் பந்துக்குக் கிட்ட நம்ம பந்து போய் நிக்கணும். அவ்வளவுதான்."

"நிக்காட்டி?"

"நாங்க சிரிப்போம்."

பந்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கனம். நேராக விட்டாலும், பள்ளிக்கூடம் என்று புறப்பட்டு ஆற்றங்கரைக்குத் திரும்புகிற பையன் மாதிரி வளைந்துதான் போகும். சின்ன வெள்ளைப் பந்தைத் துரைமார் 'கிட்டி' என்பார்கள். கலந்தர் காதில் அது 'குட்டி' என்று விழுந்தது. குட்டியென்றால் கொஞ்சாமல் இருக்க முடியுமா? பந்தை உருட்டிவிட்டு, "குட்டி, அசையாத, வாப்பா வாறேன்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தவர்கள், நாளடைவில் தாங்களும் அதைக் குட்டியென்றே கூப்பிட்டார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் சிங்கப்பூர்ப் போட்டிக்கு நாலு பேரைத் தெரிவு செய்யக் கொழும்பில் இரண்டு நாள் ஆட்டம். நோபர்ட் உட்பட மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓரிடத்துக்குக் கலந்தரும் ஒரு கொழும்புப் பல் டாக்டரும் மோதினார்கள். முதல் நாள் கலந்தரின் பந்துகள் குட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயின. ஒன்று பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து, யாரோ ஒரு பெரிய மனிதரின் சப்பாத்தில் முட்டியது.

அன்று மாலை மருதானையில் மச்சினி ஜுனைதா வீட்டில், ஊத்தி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்த்திருந்த மனைவி ஹமீமா கேட்டாள்:

"ஏன் சோத்துக்கையால உருட்டுறீங்க?"

"பின்ன?"

"மூட்ட தூக்குறது, ஆணி அடிக்கிறது எல்லாம் இடக்கையாலதானே?"

கலந்தர் திகைத்துப் போனார். இடக்கையால் ஒருவருக்கும் எதையும் நீட்டக் கூடாது என்று ஓதப் பள்ளி லெப்பையின் பிரம்பு அந்தக் கைக்குச் சின்ன வயதிலேயே படித்துக் கொடுத்திருந்தது.

"சபையில எப்பிடி இடக்கையால குடுக்குறது? மரியாத இல்லியே!"

"யாருக்குக் குடுக்குறீங்க? உருட்டித்தானே விடுறீங்க! அது என்ன சோறா, சலாமா?"

குசினியிலிருந்து ஜுனைதா அக்காவுக்குப் பரிந்து குரல் கொடுத்தாள். "மச்சான், நாளைக்கு லாத்தா விளையாடட்டும். நீங்க இங்க வந்து தேங்கா திருவுங்க!"

மறுநாள் காலை, கலந்தர் பிஸ்மி சொல்லிப் பந்தை இடக்கைக்கு மாற்றினார்.

"நானா, கை மாறிப்போச்சு!" என்று குட்டிக்குப் பக்கத்தில் நின்ற நோபர்ட் பதறினார்.

"தெரியும். நீ குட்டியப் பாரு."

முதல் பந்து எல்லை தாண்டிப் போனது. அடுத்தது குட்டியை எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் அந்தக் கை, இத்தனை வருஷம் வாய் மூடியிருந்ததற்கெல்லாம் சேர்த்துப் பேசியது. வெயில் ஏறியபோது இரண்டு பேரும் சமம். டாக்டரின் கடைசிப் பந்து குட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குட்டியைக் கொஞ்சக்கூடக் கலந்தருக்கு வாய் வரவில்லை. அவருக்காக நோபர்ட்தான், "குட்டி, அசையாத!" என்றார். இடக்கைப் பந்து அகலமாக வளைந்து, ஆடி ஆடி வந்து, குட்டியின் தோளில் சாய்ந்து நின்றது. முதலில் கைதட்டியவர் பல் டாக்டர்.

மாத்தளை ரயிலில் கலந்தர் வழக்கம்போல் ஜன்னலோரம். 'நன்றி' என்ற சொல்லைக் கடையில் ஆயிரம் தடவை சொன்னவர், வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை. கண்டி வந்தது, தொண்டையைச் செருமினார். உக்குவளை தாண்டியது, மறுபடி செருமினார்.

"ஹமீமா..."

"என்ன?"

"ஒனக்கு... ஜன்னல் பக்கம் வேணுமா?"

"இந்தா, இறங்குற எடம் வந்திட்டே!" என்றாள் ஹமீமா. ஆனாலும் எழுந்து இடம் மாறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலோரமாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.