பன்னிரண்டாவது ஸ்குரூ

எங்க வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் துருக்காரர்னு பேரு. கடையில வாங்கின புது ஸ்குரூவைக் கையில குடுத்தா, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கொல்லர் அடிச்சது மாதிரி ஆக்கித் தருவாரு. பழைய கதவு, பழைய பெட்டி ரிப்பேர் பண்றவங்க எல்லாருக்கும் இந்த மனுஷன் வேணும். எனக்கும் வேணும்தான். ஆனா என் நல்ல பாத்திரத்துல ஸ்குரூவை ஊறப்போடாத மனுஷனா வேணும்.

புது ஸ்குரூ தலையில கூட்டல் குறி இருக்கும். அந்தக் காலத்துல ஏது கூட்டல் குறி? ஒரே ஒரு கோடு, அதுவும் நேரா இருக்காது. அதனால முதல்ல வினிகர்ல போட்டுப் பளபளப்பை எடுப்பாரு. வெல்டிங்ல ஒரு பொட்டு வெச்சுக் கூட்டல் குறியை அடைப்பாரு. பழுக்கக் காய்ச்சி, தலையைச் சுத்தித் தட்டுவாரு. ரம்பத்தால புதுசா ஒரு கோடு அறுப்பாரு. அப்புறம் உப்புத்தண்ணி, துரு, கருகின எண்ணெய், கடைசியா மெழுகு. இவ்வளவு சீராட்டலும் தலைக்கு மட்டும்தான். அந்தக் காலத்து ஸ்குரூவுக்குக் கீழ மொட்டைதான், ஆனா புதுசுல இருக்கிற கூர் மூக்கை இவர் தொடவே மாட்டாரு. அது மரத்துக்குள்ள போயிடும், யாரு பாக்கப்போறா?

"எனக்கு ஒரு நாளாவது இப்படி மெழுகு தடவியிருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"நீதான் ஏற்கெனவே பழசா இருக்கியே"ன்னாரு. அன்னிக்கு அவர் டீயில சர்க்கரை போடலை.

போன மாசம் பழைய கோர்ட்டோட வாசக்கதவு எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பட்டறைக்கு வந்துச்சு. இவருக்கு அங்கேதான் வேலை. கதவு முழுக்க இரும்புப் பட்டை, பட்டையில அறுபத்துநாலு ஸ்குரூ. அதுல பதினொண்ணைக் காணோம். பழைய கட்டடங்களைப் பாத்துக்கிற ஆபீஸ் ஒரே ஒரு கண்டிஷன் போட்டுச்சு. புதுசு பழசு மாதிரியே இருக்கணும், ஆனா எதெது புதுசுன்னு கதவோட படத்துல குறிச்சுத் தரணும். பின்னால வர்றவங்க ஏமாறக்கூடாதில்லையா? நியாயம்தான்.

இவரும் பதினொண்ணைச் செஞ்சு பூட்டி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் சாக்பீஸால புள்ளி வெச்சாரு. படத்தை அப்புறம் குறிச்சுக்கலாம்னு விட்டுட்டாரு. அந்த நேரம் பாத்து பட்டறை முதலாளி வந்தாரு. "அண்ணே, புள்ளி இல்லைன்னா எனக்கே தெரியாதுண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அவ்வளவுதான், நம்ம ஆளுக்குத் தலைகால் புரியலை. அந்தச் சந்தோஷத்துல கதவு முழுக்க மெழுகு பூசி, துணி போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சுட்டாரு. புள்ளியெல்லாம் துணியோட போச்சு.

மறுநாள் காலையில அந்த ஆபீஸ்லேருந்து அதிகாரி வந்தாங்க. என் பொண்ணு வயசுதான் இருக்கும், கையில பூதக்கண்ணாடி. நான் டீ கொண்டுபோனப்போ முதலாளி ஒரு ஓரமா நிக்கிறாரு, இவர் கதவு முன்னாடி முழி முழின்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவர் போட்ட ஸ்குரூ அவருக்கே தெரியலை!

"ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்துடவா மேடம்?"

"ஐயோ, வேண்டாம். பழசெல்லாம் துருவேறி மரத்தோட ஒட்டியிருக்கு. திருப்பினா தலை முறிஞ்சிடும். அடையாளம் காட்டினா காட்டுங்க. இல்லைன்னா, மன்னிச்சுக்கங்க, இனிமே பழைய வேலை எதையும் உங்ககிட்ட குடுக்க வேண்டாம்னுதான் நான் எழுதணும்."

இவர் முகத்தைப் பாக்கணுமே. இந்த வேலையைப் புடுங்கிட்டா இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? டீத் தட்டைக் கீழ வெச்சேன்.

"அந்தக் கண்ணாடியைக் குடும்மா"ன்னேன்.

"உனக்கென்ன தெரியும்?"னு இவர் முணுமுணுத்தாரு.

"முப்பது வருஷமா நீங்க அறுத்த ரொட்டியைத் தின்னுறேன், எனக்குத் தெரியாதா?"

ரொட்டியோ சோப்போ, இவர் அறுத்தா ஒரு முனையில ஆழமா இறங்கி இடப்பக்கம் சாயும். நான் அறுத்தா வலப்பக்கம் சாயும். ஸ்குரூ தலையில போட்ட கோடும் அப்படித்தானே இருக்கணும்? ஸ்குரூ எப்படித் திரும்பியிருந்தாலும், ஆழமான முனையிலேருந்து பாத்தா சாய்வு தெரிஞ்சிடும். வரிசையா பாத்துக்கிட்டே போனேன். இடப்பக்கம் சாய்ஞ்சதையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டேன்.

"ஐயா, நீங்க இடது கையா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

இவர் சட்டுனு கையைப் பின்னால மறைச்சுக்கிட்டாரு. ஸ்கூல்ல வாத்தியார் அந்தக் கையை மேசை மேல வெக்கச் சொல்லி ஸ்கேலால அடிப்பாராம். ஐம்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் புது ஆள் முன்னாடி இடது கையால பேனாவை எடுக்க மாட்டாரு. எனக்கு அந்த வாத்தியார் மேல இன்னிக்கும் ஆத்திரம் தீரலை.

வட்டத்தை எண்ணிப் பாத்தா பன்னிரண்டு!

"நான் போட்டது பதினொண்ணுதான்"னாரு இவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. போச்சுடா, ஒண்ணைத் தப்பாக் காட்டியிருந்தா எல்லாமே தப்பாயிருக்கலாமே!

"வட்டம் போட்டதை மட்டும் மெதுவாக் கழட்டிப் பாருங்க, புதுசுன்னா மரத்தோட ஒட்டியிருக்காது"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இவர் திருப்புளியை எடுத்தாரு. முதல் ஸ்குரூ வெளிய வந்துச்சு, கூர் மூக்கு, புதுசு. ரெண்டாவதும் கூர் மூக்கு. பதினொண்ணும் அப்படியே வந்துச்சு. முதலாளி பெருமூச்சு விட்டாரு. பன்னிரண்டாவது மேல இவர் விரலை வெச்சதுமே அது ஆடுச்சு, அதனால முறியும்னு பயமில்லை. ரெண்டே சுத்துல கையோட வந்துச்சு.

மூக்கே இல்லை, மொட்டை. மரை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அகலம், அரத்தால ராவினது. அசல் பழசு.

"அப்போ இதை மட்டும் நான் தப்பாச் சொல்லிட்டேன்"னேன்.

"இல்லம்மா"ன்னு அந்தப் பொண்ணு கண்ணாடி வழியாப் பாத்துச்சு. "கோடு இடப்பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. இதைச் செஞ்சவரும் இடது கைதான்."

படத்துல பதினோரு புதுசையும் குறிச்சுக்கிட்டு, "கதவு பாஸ், ஐயா. அடுத்த வேலைக்கும் உங்களையே கூப்பிடுறேன்"னு சொல்லுச்சு. முதலாளி கையைத் தட்டினாரு. இவர் காதுல எதுவுமே விழலை. அந்த மொட்டை ஸ்குரூவை இடது உள்ளங்கையில வெச்சு, எங்க எல்லார் முன்னாலயும் அப்படியே நீட்டிக்கிட்டு நின்னாரு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு.

"ஏண்டி, இந்த ஆளையும் சின்ன வயசுல அடிச்சிருப்பாங்களோ?"

"அடிச்சிருப்பாங்க"ன்னேன். "கையை மாத்தினாரா பாருங்க!"