அரை மணித்தியாலம் முந்தின கொம்பியூட்டர்

என் கலியாணத்தை ஒரு கொம்பியூட்டர் குழப்பப் பார்த்தது. சாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் தலையாட்டி, தரகர் பாதிச் சிரிப்புச் சிரித்துவிட்ட பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த நெட் கடையின் மூன்றாம் நம்பர் மெஷின் குறுக்கே வந்து நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மெஷினுக்கு இரண்டு போட வேண்டும்போல் கை துருதுருக்கிறது.

மாப்பிள்ளை நோர்வேயில். அவருடைய படம் ஈமெயிலில் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, வரத் தொடங்கியது. முதலில் நெற்றி. ஐந்து நிமிடம் கழித்துப் புருவம். பிறகு கண்கள், பரவாயில்லாத கண்கள். மூக்கு முடிகிற இடத்தில் லைன் அறுந்தது. மூன்று நாள் போய்த் திறந்து பார்த்தோம். மூன்று நாளும் மூக்கோடு நின்றது. நெட் கடைக்கார அண்ணை அந்த மட்டில் பிரிண்ட் எடுத்துத் தந்தார். அம்மா அதைச் சுவாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாடி தெரியேல்லையே பிள்ளை," என்றார், தன் மோவாயைத் தடவிக் காட்டி.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முழு முகத்தையும் பார்த்து, இரண்டு வார்த்தை கதைத்த பிறகுதான் பதில் சொல்லுவேன். அதுக்கு முன்னம் ஆர் காலில் விழுந்தாலும் வாய் திறக்கமாட்டேன். உள்ளுக்குள்ளே எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. படத்தோடு வந்த கடிதத்தில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, தனக்குச் சமையல் வராது, ஆனால் பாத்திரம் நன்றாகக் கழுவுவேன் என்று எழுதியிருந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருத்தர் தன் சம்பளத்தை எழுதாமல் பாத்திரம் கழுவுவதை எழுதினால் யாருக்குத்தான் பிடிக்காது! அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனமில்லை. ஒரே பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்பதுதான் உள்காரணம். அதை வெளியே சொல்லாமல் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தார். அப்பா வடக்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை தொடங்கிய பிறகு அவருடைய ஸ்டேஷனுக்குக் கோச்சி வருவது நின்றது, பிறகு தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கொழும்புக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியது கையில் கட்டியிருந்த மணிக்கூடு ஒன்றுதான்.

அந்த மணிக்கூட்டின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கரண்டை மிச்சம் பிடிக்கவென்று ஒரு வருடம் அரசாங்கம் நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதத்தில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. அப்பா இரண்டுக்கும் அசையவில்லை. "நேரத்தை மாத்த இவையள் ஆர்? சூரியன் இவையின்ர கந்தோரிலயோ வேலை செய்யுது?" என்று கேட்டுவிட்டுப் பழைய நேரத்திலேயே பத்து வருடம் இருந்தார். அவருடைய மணிக்கூட்டோடு அரை மணித்தியாலம் கூட்டித்தான் நானும் அம்மாவும் சீவித்தோம். கலியாண வீடு, டொக்டர், பஸ் எல்லாவற்றுக்கும் கூட்டல் கணக்கு.

பத்து வருடம் கழித்து, ஒரு சித்திரைப் புதுவருடத்தன்று, அரசாங்கம் மிச்ச அரை மணித்தியாலத்தையும் திருப்பி எடுத்தது. அன்று காலை ரேடியோ நேரம் சொன்னபோது அப்பா கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒன்று! கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

"பாத்தியளோ! கடைசியில அரசாங்கம் என்ர மணிக்கூட்டுக்கு வந்திட்டுது!"

அன்று முழுக்க மனிதர் தரையில் நடக்கவில்லை. மேல் வீட்டுச் சிங்கள ஐயாவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினார். அவரும் பாவம், புதுவருடப் பலகாரத் தட்டோடு நின்று தலையாட்டினார்.

இந்தக் கூத்து முடிந்த அடுத்த ஞாயிறுதான் மாப்பிள்ளையோடு கமெராவில் கதைக்க நாள் வைத்தோம். கொழும்பு நேரம் காலை பத்து மணி. ஞாயிறு பின்னேரம் ராகு காலம் என்று அம்மா சொன்னார். இருட்டினால் ஆமியின் ரவுண்டப், செக்கிங் என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளைக்கு ஞாயிறும் பேக்கரியில் வேலை, அது தொடங்கமுன் விடியற்காலையில் வருவதாக அவர் சொன்னார். எல்லாருக்கும் பத்து மணி சரிவந்தது.

அம்மா எனக்குக் காஞ்சிபுரம் உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துவிட்டார். கமெராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்று நான் காலில் பாட்டா செருப்பைக் கொழுவிக்கொண்டேன். காலி வீதிச் சந்தியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தான். அடையாள அட்டையை வாங்கியபடி, "மகுல் கெதரகட்டத?" என்றான். கலியாண வீட்டுக்கோ என்று கேட்கிறான்.

"நே மாத்தயா," இல்லை ஐயா என்றார் அப்பா மரியாதையாக. "இன்டர்நெட்."

அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அட்டையைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்த்தான்.

சரியாகப் பத்துக்குக் கடையில் உட்கார்ந்தோம். மெஷின் விழித்தது. மாப்பிள்ளை இல்லை. அவர் அனுப்பி வைத்திருந்த மூன்று வரிகள் மட்டும் இருந்தன. பத்து மணிக்கு: வந்திட்டன். பத்து பன்னிரண்டுக்கு: இருக்கிறீங்களோ? பத்து இருபத்தைந்துக்கு: வேலைக்கு நேரமாகுது, போறன்.

இப்போதுதானே பத்து! மெஷினின் மூலையைப் பார்த்தேன். பத்து முப்பத்தொன்று என்று வெட்கமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உங்கட கொம்பியூட்டர் அரை மணித்தியாலம் முந்தி நிக்குது!"

"நான் என்ன செய்ய தங்கச்சி? ஒவ்வொரு நாளும் திருத்திறன். இரவைக்குத் தானாத் திரும்பிப் புதுவருடத்துக்கு முந்தின நேரத்துக்குப் போயிடுது. நேரம் மாறினது வெளிநாட்டுக் கொம்பியூட்டருகளுக்கு இன்னும் தெரியாதாம்."

அப்போது விளங்கியது. நோர்வேயிலுள்ள மெஷினும் இதே விசர் மெஷின்தானே! கொழும்பில் பத்து என்று அது சொன்ன நேரத்துக்கு அவர் வந்து, அரை மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் விடவில்லை. கொழும்பில் இப்போது என்ன நேரம் என்று இன்டர்நெட்டில் தேடினேன். முதல் பக்கம் பத்து நாற்பது என்றது. இரண்டாவது, பத்து பத்து. மூன்றாவது, பத்து வருடத்துக்கு முந்திய நேரத்தையே இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு, பதினொன்று பத்து என்றது. ஒரே ஊரில் மூன்று நேரம்! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, மூக்குத்தான் ஒழுகியது.

அப்பாவுக்குத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. "எங்கட நேரம் தெரியாதவருக்கு எங்களையும் தெரியாது. பிந்தி வாறவருக்குக் கோச்சி நிக்காது" என்றார்.

"அவர் முந்தியெல்லோ வந்தவர்?" என்றேன்.

"முந்தி வந்தாலும் பிழை பிழைதான். இன்னும் ஒரு ஞாயிறு. அண்டைக்கும் சந்திக்கேல்லையெண்டா நான் தரகருக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போடுவன்."

சொன்னால் சொன்னதுதான். பத்து வருடம் ஒரு முள்ளைக்கூட நகர்த்தாத மனிதர் அவர்.

தரகர் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: அடுத்த ஞாயிறும் அதே பத்து மணி. மாப்பிள்ளைக்கு நான் இரண்டு வரி எழுதி விளக்கியிருக்கலாம். எழுதவில்லை. பொம்பிளை நான் ஏன் முதலில் எழுத வேண்டும் என்ற வீம்பு. அதற்குப் பதிலாக வேறொரு முடிவு எடுத்தேன். அவருடைய மெஷின் எப்படியும் திருந்தாது. அதனால் நான் அவருடைய பிழையான நேரத்துக்கே போவேன். ஒன்பதரைக்கே போய்க் குந்துவேன்.

"சரியான நேரம் என்ர கையில இருக்கேக்க நாங்கள் ஏன் பிழையான நேரத்துக்குப் போகவேணும்?" என்று அப்பா வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார். சந்தியில் அதே ஆமிக்காரப் பொடியன். அதே காஞ்சிபுரம். "இன்டர்நெட்?" என்று அவனே கேட்டுக் கையைக் காட்டி விட்டான்.

ஒன்பதரை. மாப்பிள்ளை இல்லை. ஒன்பது நாற்பது. இல்லை. கடலோரக் கோச்சி ஒன்று போனது. மேசை ஆட, கமெரா கவிழ்ந்தது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்து, "ஆறு நிமிஷம் லேட்" என்றார். கோச்சியைச் சொன்னாரோ ஆளைச் சொன்னாரோ தெரியாது. ஒன்பது ஐம்பது. என் பூ வாடத் தொடங்கியது. போன கிழமை அரை மணித்தியாலம் காத்திருந்த மனிதருக்கு இந்தக் கிழமை என்ன வந்தது? கோபித்துவிட்டார். கதை முடிந்தது. பாத்திரம் கழுவுகிற ஒருத்தர் உலகத்தில் எனக்கு இனி எங்கே கிடைப்பார்? அம்மாவைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் மணிக்கூட்டில் பத்து ஆனபோது பெட்டி ஒன்று துள்ளித் திறந்தது. படம் வந்தது. நெற்றி. புருவம். கண். மூக்கு. நின்றுவிட்டது. அட சனியனே! அதே இடம்! ஆனால் ஹெட்போனில் குரல் தெளிவாகக் கேட்டது.

"வணக்கம். ரேடியோவில கேட்டனான், உங்கட நேரம் மாறினதாம். அதுதான் இண்டைக்கு அரை மணித்தியாலம் பிந்தி, உங்கட நேரத்துக்கு வந்தனான். வேலைக்கும் லீவு சொல்லிட்டன்."

"ஐயோ, நான் உங்கட நேரத்துக்கு வந்தெல்லோ குந்திக்கொண்டிருக்கிறன்! ஒன்பதரையிலயிருந்து!"

பிறகு அவர் சிரித்த சிரிப்பு! காதிலிருந்து ஹெட்போனை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பில் படமும் அசைந்தது. மூக்குக்குக் கீழே மீசை வந்தது, வாய் வந்தது, நாடி வந்தது. அந்த நேரம் பார்த்துப் படம் திரும்பவும் உறைந்தது. வாயை 'ஆ'வென்று பிளந்தபடி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீக்கலோடு, கடைவாய்ப் பல்லின் அடைப்பு வரைக்கும் தெரியும்படி என் மாப்பிள்ளை நின்றார். அதைவிட வடிவான முகத்தை நான் பார்த்ததில்லை.

"நாடி வடிவு," என்றார் அம்மா என் தோளுக்கு மேலால்.

அப்பா என்னை விலக்கிக்கொண்டு குனிந்து, தன் கையைக் கமெராவுக்கு நேரே நீட்டினார். "தம்பி, உந்தக் கொம்பியூட்டரை நம்பாதேயும். சரியான நேரம் இதுதான்."

படம் ஒருமுறை துள்ளியது. அடுத்து வந்த படத்தில் மாப்பிள்ளை தன் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்து, திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லுங்கோ ஐயா, எத்தினை நிமிஷம்? இதை உங்கட நேரத்துக்கே வைச்சுக்கொள்ளுறன். இஞ்சத்தை நேரம் சுவரில இருக்கு."

அப்பா நிமிடத்தைச் சொன்னார். செக்கனையும் சொன்னார். பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

வருவதற்கு முன் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார்: "உடன ஓமெண்டு சொல்லிப்போடாதை. ஒரு கிழமை போகட்டும். இல்லாட்டி மதிப்பிருக்காது." நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டியிருந்தேன். ஆனால் குரலும் அறுந்து, எழுத்து மட்டும் மிஞ்சிய நேரத்தில் அவர், "பதில் எப்ப சொல்லுவீங்கள்?" என்று தட்டினார். என் கை என்னைக் கேட்கவில்லை. "ஓம்" என்று தட்டி அழுத்தினேன். மெஷின் யோசித்தது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் யோசித்தது. கோபத்தில் தட்டித் தட்டி அழுத்தினேன். கடைசியில், அனுப்ப முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து, எல்லாம் நின்றுபோனது. அதுவும் ஒரு வகையில் நல்லது, மதிப்பாவது மிஞ்சியது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தரகரின் போன் வந்தது. அப்பா போனில் மறுபக்கம் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்கிற ஆள்.

"என்ன? பிள்ளை பதில் சொல்லிட்டாவோ? எப்ப? என்ன... ஏழு தரமோ? ஏழு தரம் ஓமெண்டு எழுதியிருக்கிறாவோ?"

அம்மாவின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. நான் மேசைக்குக் கீழே போகாததுதான் குறை. ஒரு வாரமாக ஒரு உண்மையும் சொல்லாத மெஷின், நான் மறைக்க நினைத்ததை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ரையும் சேர்த்து எட்டெண்டு சொல்லுங்கோ."

நான் நோர்வே போன பிறகு அப்பா வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் இரண்டாவது மணிக்கூடு ஒன்றை வாங்கி மாட்டினார். அது நோர்வே நேரம். இங்கே குளிர் தொடங்குகிற நேரத்தில் நாட்டு மணிக்கூடுகளையெல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள், வசந்தத்தில் முன்னே தள்ளுவார்கள். முதல் முறை அதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கி அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"உவர் விடியவே ஸ்டூலில ஏறி மாத்திப்போட்டார்," என்றார் அம்மா. "வாய் திறக்கேல்லை."