கால் கழுவி உள்ளே வரும் நாய்

அடர்ந்த மயிர் கொண்ட நாயை நீராட்டுவது எளிது. ஒரு நீராட்டுக்கும் அடுத்த நீராட்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் அதைத் தூய்மையாக வைத்திருப்பதே அரிது. இதை நான் எழுபதைக் கடந்த பின்னர்க் கற்க நேர்ந்தது. விரும்பிக் கற்றேன் என்று சொல்வதற்கில்லை.

நாய் எங்கள் மகனுடையது. பெங்களூரின் குளிரில் வளர்ந்தது. அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பனிநாட்டு இனம். மேலே நீண்ட முரட்டு மயிர். அதை வகிர்ந்து பார்த்தால் அடியில் பஞ்சுபோல் இன்னோர் அடுக்கு. இத்தகைய ஓர் உயிரை நம் ஊர் வெயிலுக்குக் கொண்டுவந்து விற்பவர்களைப் பற்றி நான் நினைப்பதை அச்சில் ஏற்ற இயலாது.

வந்த அன்றே என் மனைவி ஒரு கட்டுப்பாடு விதித்தாள். வீடு நாறாத வரைக்கும் நாய் உள்ளே இருக்கலாம். நாறினால், கண்டமங்கலத்தில் இருக்கும் அவள் தம்பியின் நிலத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே மோட்டார்க் கொட்டகையில் கட்டிப்போடுவார்கள். தகரக் கூரை. அதன் கீழ் ஒரு நண்பகலில் நான் அமர்ந்திருக்கிறேன். மெல்லிய வேட்டி கட்டியிருந்த எனக்கே தலை சுற்றியது. கம்பளி போர்த்த அந்த உடல் அங்கே ஒரு கோடையைத் தாண்டும் என்று நான் நம்பவில்லை. ஆகவே நாற்றம் எழாமல் காப்பது என் கடமையாயிற்று.

அடிக்கடி நீராட்டிவிடலாமே என்பார்கள். விழுப்புரத்துக் கால்நடை மருத்துவர் அம்மையார் அதை மறுத்துவிட்டார். அடிமயிர் எளிதில் உலராது. உலராத ஈரம் தோலைக் கெடுக்கும். மாதம் ஒரு நீராட்டுப் போதும், ஏனைய நாள்களில் சீப்பும் உலர்ந்த துணியும்தான் என்றார்.

சொல்வதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு காலையும் கொல்லையில் முக்காலி இட்டு அமர்ந்து, நீண்ட பற்களுள்ள இரும்புச் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரினேன். ஏரிக்கரைக்குச் சென்று திரும்பும் நாய் செம்மண்ணையும் நாயுருவி விதைகளையும் தவறாமல் சுமந்துவரும். விதையை எடுத்தால் மயிரும் உடன்வரும். மயிர் வந்தால் நாய் உறுமும். வலப்பக்கத்தை வாரவேண்டிய வேளையில் வலப்பக்கமாகவே படுத்துக்கொள்ளும். புரட்ட முயன்றால் எடையெல்லாம் தரைக்குள் இறங்கிவிட்டதுபோல் கிடக்கும். உதிர்ந்த மயிரோ காற்றேறி அடுத்த வீட்டு மாடிக்குப் போகும்.

"சார், வடாம் காயப் போட்டிருக்கேன். உங்க நாய்க்கு நாளைக்கி முடி வாருனா ஆவாதா?" என்று அந்த வீட்டு அம்மாள் மேலிருந்து கேட்பார். நாளைக்கும் இதே முடிதான் பறக்கும் என்று அவருக்கு விளக்கும் பொறுமை எனக்கு இல்லை.

இவற்றையெல்லாம் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது வீட்டு வாயிலில் நடந்தது.

எங்கள் வீட்டில் வெளியே சென்று வந்தவர் எவரும் கால் கழுவாமல் உள்ளே நுழைவதில்லை. வாயிற்படியோரம் வாளியும் சொம்பும் எப்போதும் இருக்கும். நாய்க்கு விலக்கு உண்டென்று என் மனைவி கருதவில்லை.

"தண்ணி ஊத்தக் கூடாதென்று மருத்துவர் சொன்னார்" என்றேன்.

"குளிப்பாட்டவா சொன்னேன்? காலுதானே கழுவறேன். தெருவுல எத எதயோ மிதிச்சிக்கினு வருது. நீங்க கழுவறீங்க இல்ல? அதுக்கு மட்டும் இன்னா?"

நாயும் அவளுக்கு உடந்தை. வாளியைக் கண்டதும் தானாகவே சென்று நிற்கும். அவள் கணக்கில் கால் என்பது தொடையில் தொடங்கியது. நீர் வயிற்றின் அடிப்பக்கம்வரை ஏறும். மழைக்காலம் தொடங்கியதும் காற்றிலும் ஈரம். நான் எத்தனை துண்டு மாற்றித் துடைத்தாலும் அடிமயிர் நொசநொசவென்றே இருந்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. முன்பு எங்கள் மகள் தலைமுழுகிய நாள்களில் அவள் கூந்தலுக்குப் போட்டதைப் போலவே, தணலில் சாம்பிராணி தூவி, புகையை நாயின் வயிற்றடியில் காட்டினாள். நாய் கண்ணைச் செருகிக்கொண்டு நின்றது. வீடெங்கும் கோயில் மணம்.

"மோந்து பாருங்க. உங்க சீப்பு பண்ணாதத பண்ணிடுச்சா இல்லியா?"

மணம் மேல்மயிரோடு நின்றது. கார்த்திகையில் ஒரு நாள் அந்த மணத்தையும் கிழித்துக்கொண்டு, ஊறிய சாக்கின் நாற்றம் கூடத்தில் எழுந்தது. அவள் உடனே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை வாரும்போது, பின்தொடையின் உட்புறத்தில் சீப்பு பட்டதும் நாய் அலறியது. மயிரை விலக்கினேன். உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்ற புண். நாற்றம் அங்கிருந்துதான். என் சினத்தை எவர்மீது காட்டுவதென்று தெரியாமல் சீப்பைச் சுவரில் எறிந்தேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள். புடைவையை மாற்றிக்கொண்டு, "வண்டிக்கு சொல்லுங்க" என்றாள்.

வந்த வாடகை வண்டி ஓட்டுநர் நாயைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டார். "நாயின்னு சொன்னீங்க சார். இது கரடியாட்டம் கீது. சீட்டு இன்னாத்துக்கு ஆவறது?" இருக்கையெங்கும் பழைய போர்வை விரித்து, மேலும் கொஞ்சம் கொடுப்பதாகச் சொன்ன பிறகே விழுப்புரம் புறப்பட்டோம்.

மருத்துவர் புண்ணைச் சுற்றி மழித்தார். "தண்ணி பட்டுதா?"

"கால் மட்டும் கழுவுவோம்" என்றாள் என் மனைவி.

"கால்னா எதுவரைக்கும்மா?"

அவள் தன் கையால் நாயின் தொடையைத் தொட்டுக் காட்டினாள். காட்டிய இடத்தில் மழித்த தோல் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் நாயின் தலை அவள் மடியில் கிடந்தது. போர்வை விரித்தது வீணாயிற்று.

மறுநாள் மைத்துனன் சரக்கு வண்டியில் வந்து இறங்கினான். நான் கொல்லையில் வாரிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, சடை பின்னிக்கினு கீறீங்களா? பூவும் வெச்சிடுங்க. பொண்ணு பாக்க வந்துடப் போறாங்க" என்று சிரித்தவன், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏத்தலாமாக்கா?" என்றான்.

"இன்னிக்கி வாணாம்டா. புண்ணா கீது. உன் கொட்டாயில ஈ மொய்க்கும்."

"கண்டமங்கலத்துலேர்ந்து வண்டி எடுத்துக்கினு வந்திருக்கேன். நீதானேக்கா வரச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப வாணான்றேன். புண்ணு ஆறட்டும். காப்பி குடிச்சிட்டு போ."

அன்றிலிருந்து என் நிலை வேடிக்கையானது. புண் ஆறினால் வண்டி வரும். ஆறாவிட்டால் நாய் வருந்தும். ஆறவேண்டாம் என்று நினைக்க மனம் ஒப்பவில்லை. நாள்தோறும் மருந்தைத் தடவினேன். அது நன்றாகவே வேலை செய்தது. தோல் உலர்ந்து, சாம்பல் நிறத்தில் புதுமயிரும் அரும்பியது.

பொங்கலுக்கு முன் மைத்துனன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஆறிடுச்சா? வரட்டா?" பேசியை அவளிடம் நீட்டினேன். அவள் வாயிற்படியில் நாயின் முன் அமர்ந்திருந்தாள். பேசியைத் தோளில் இடுக்கி, புதுமயிர் அரும்பிய இடத்தை ஒரு கை விரலால் நீவிக்கொண்டே, "எங்கடா ஆறுது? இன்னும் அப்பிடியேதான் கீது. கோடை முடியட்டும், பாக்கலாம்" என்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மறுகையில் இருந்த துணியிலிருந்து நீர் சொட்டி, நாயின் தொடைவழியே வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"பிழிஞ்சிட்டுதாங்க தொடைக்கிறேன்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.