ஐஸ் பெட்டியில் போர்ச்சுகல் ஒயின்

மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் வீட்டின் சமையலறை மதிய வெயிலில் கொதிக்கிறது. எறணாகுளத்தில் வாங்கிய விலை குறைந்த போர்ச்சுகல் சிவப்பு ஒயினைத் திறந்து, வீட்டுக்கார அம்மாள் ரோசம்மாவுக்கும் அவர் கணவர் ஆண்டனிக்கும் ஊற்றுகிறேன். அருமையான ஒயின் என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லியாயிற்று. இப்போது மானம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

ரோசம்மா ஒரு வாய் குடித்து முகம் சுளிக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவர் போடும் ஒயினில் பாதி சர்க்கரை.

"அய்யோ சாரே, வெறும் புளிப்பு! வினாகிரி தீந்துபோச்சு, இதைப் பன்னிக்கறியில ஊத்தட்டே?"

வினிகரைத்தான் வினாகிரி என்கிறார். நானும் குடிக்கிறேன். வெதுவெதுப்பாக, கஷாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் குற்றம் ஒயினுடையதல்ல, வெயிலுடையது.

"கொஞ்சம் பொறும்மா," என்று பாட்டிலைப் பிடுங்கி, இறால் கிடக்கும் ஐஸ் பெட்டிக்குள் செருகுகிறேன்.

"ரெட் ஒயினுக்கு ஐஸோ? சாருக்கு வயசாயி!" ஆண்டனி சிரிக்கிறார்.

கால் மணி நேரம் கழித்து, மாட்டிறைச்சி வறுவலோடு மீண்டும் ஊற்றுகிறேன். புளிப்பு அடங்கி நாவல்பழ வாசனை எழுகிறது. மெல்லிய துவர்ப்பு, வறுவலின் எண்ணெயை நாக்கிலிருந்து துடைக்கிறது.

ரோசம்மா கோப்பையைக் காலி செய்து மறுபடி நீட்டுகிறார்.

"கொள்ளாம், சாரே, நல்லாருக்கு. சேட்டா, நீங்க கடைக்குப் போயி வினாகிரி வாங்கிட்டு வாங்க."

"எனக்கும் மிச்சம் வைக்கணும் சாரே," என்று கெஞ்சிக்கொண்டே ஆண்டனி வெயிலில் இறங்குகிறார்.

ஒயினுக்குப் பத்துக்கு ஏழு என்று மனதில் போட்டிருந்த மதிப்பெண்ணை எட்டாக்குகிறேன்.