லைனை வெட்டுவோம் என்றார்கள்: தூத்துக்குடியிலிருந்து கொற்கைக்கு ஒரு பியரிங் பயணம்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினேன். கடல் பார்க்க இல்லை. தெரேஸ்புரத்தில் எண்ணூறு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ரோஸ்லின் அக்கா கூப்பிட்டிருந்தார். சின்ன நெட் நிறுவனங்களுக்கு ரூட்டர் அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதே வேலையாக இந்தப் பக்கம் வரப்போகும் சிலர் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக முழுதாக எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து மூன்று மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து தெரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், நூற்றிருபதுக்கு வந்தார்கள். அக்கா வாசலிலேயே ஆம்னி வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"ஏளா, காப்பியக் குடிச்சிட்டு ஏறு. அண்ணாச்சி பழையகாயல்ல காத்துக்கிட்டு நிக்காவ."

ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மொத்தமாக பேண்ட்வித், அதாவது இன்டர்நெட் கொள்ளளவு, விற்றது ஒரே ஒரு பெரிய கம்பெனி. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு வீட்டு பிளான் போலக் கணக்கு கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். மாதக் கடைசியில் உச்சத்தில் இருக்கும் ஐந்து சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் எது அதிகமோ அந்த வேகத்துக்கு மாதம் முழுக்கப் பணம். தள்ளிவிடுவது முப்பத்தாறு மணி நேரம். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் தினமும் சாயங்காலம் ஊரே இரண்டு மணி நேரம் படம் பார்த்தால் மாதத்துக்கு அறுபது மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆக அந்த உச்ச வேகத்துக்கு, எல்லோரும் தூங்குகிற நேரத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

மாற்று வழி உண்டு. சென்னையில் இணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. நெட் நிறுவனங்களும் வீடியோ நிறுவனங்களும் ஒரே இடத்தில் வந்து, நடுவில் யாரும் இல்லாமல், டேட்டாவை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளும் இடம். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் பியரிங். அங்கே போய்ச் சேரும் லைனுக்கு வாடகை, செருகும் போர்ட்டுக்கு வாடகை, அவ்வளவுதான். எவ்வளவு ஓடியது என்று யாரும் அளந்து பில் போடுவதில்லை. ஆனால் தனி ஆளுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. அதனால்தான் அக்கா, கொற்கைப் பக்கத்து வயல்காட்டு ஊர்களில் நெட் நடத்தும் தங்கராஜ் அண்ணாச்சியோடு கூட்டுச் சேர்ந்தார். சென்னை லைன் கொற்கையில் அண்ணாச்சியின் கருவி அறைக்கு வந்துவிட்டது. இருவரின் ஃபைபரும் பழையகாயல் வரை வந்து நிற்கிறது. இரண்டையும் இணைத்து, ரூட்டரை அமைக்க வேண்டியது நான்.

முள்ளக்காடு தாண்டும்போது அக்காவின் போன் அடித்தது. கம்பெனியின் ஏரியா மேலாளர். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நீங்க வேற புரொவைடரோட கனெக்ட் பண்றதா தகவல் வந்திருக்கு. பண்ணீங்கன்னா இன்னைக்கே லைனை சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"அக்ரிமெண்ட்ல எங்கன சார் அப்படி எழுதியிருக்கு?"

"அது கம்பெனி பாலிசி மேடம்."

"உங்க பாலிசிய நீங்க வச்சுக்கோங்க. வெட்டணும்னா வெட்டிக்கோங்க."

போனை வைத்துவிட்டார். சென்னை நிலையத்தில் எங்கள் போர்ட்டைத் திறப்பது திங்கட்கிழமைதான். இரண்டு நாள் பொறுத்து இணைக்கலாமே என்றேன்.

அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னைக்குப் பொறுத்தா திங்கக்கிழமையும் மிரட்டுவான். என் தெருவுல பாதி ஆம்பளைய கப்பல்ல கெடக்காவ. வீட்டுல இருக்கவ வீடியோல மொகம் பாக்குறதுக்கு இவன்ட்ட நான் கெஞ்சணுமா?"

பழையகாயலில் உப்பளங்களைத் தாண்டிக் காற்று அள்ளி வீசியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றார் அண்ணாச்சி. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை அந்தக் காற்றில் ஒட்ட முடியாது. வேனின் கண்ணாடிகளை ஏற்றி, உள்ளே வேர்த்து ஊற்ற ஊற்ற ஒட்டினேன். முதல் ஒட்டில் இழை வழியே வெளிச்சம் மங்கலாக வந்தது, தூசி விழுந்திருக்கும். வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன். மீட்டரில் எண் சரியாக நின்றதும் அக்கா வேனின் கூரையைப் படபடவென்று தட்டினார்.

அங்கிருந்து முக்காணி வழியாகக் கொற்கைக்கு அரை மணி நேரம். பாண்டியர் துறைமுகம் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று இருப்பது வாழைத் தோட்டமும் வயலும்தான். நாங்கள் எதையும் நின்று பார்க்கவில்லை. அண்ணாச்சியின் அறையில் நான் லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அக்காவின் லைன் செத்தது. சொன்னபடி வெட்டிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு திருநெல்வேலி வழியாக வேறொரு கம்பெனியின் லைன் உண்டு. அதில் அக்காவின் எண்ணூறு வீட்டையும் ஏற்றினால் அவருடைய வீடுகளும் திணறும். கூட்டு ஒப்பந்தத்தில் இது இல்லை. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பது பியரிங்கே அல்ல. நான் இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏத்திவிடு தாயி," என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கு அவளை வெட்டுனான்லா, அவனப் பாத்து நாளைக்கு என் கம்பெனிக்காரனும் என்னைய வெட்டுவான்."

ஏற்றினேன். சனி சாயங்காலமும் ஞாயிறும் இரண்டு ஊரும் நத்தை வேகத்தில் நகர்ந்தன. படம் ஓடாதபடி வீடியோ தளங்களின் வேகத்தைக் குறைத்து, அழைப்புகளுக்கு முதலிடம் கொடுத்தேன். அண்ணாச்சிக்குப் போன் மேல் போன். "கெணறு வத்திப்போன வீட்டுக்குத் தண்ணி குடுக்கோம்லா, அது மாதிரிதான். ரெண்டு நாள் பொறுங்கவே," என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார். மூன்று வீட்டுக்காரர்கள் இணைப்பை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே பொறுத்தார்கள்.

திங்கட்கிழமை மதியம் சென்னை போர்ட் திறந்தது. லேப்டாப்பில் டேட்டா ஓட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியதும் அக்கா என் தோளை வலிக்கப் பிடித்தார். மறுநாள் அதே மேலாளர் அழைத்து, விலையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னார். பியரிங் நிலையத்தில் கிடைக்காத தளங்களுக்கு மொத்த பேண்ட்வித் இன்னும் கொஞ்சம் தேவைதான். அக்கா அதை அண்ணாச்சிக்கு லைன் கொடுக்கும் திருநெல்வேலி வழிக் கம்பெனியிடம், இரண்டு பேருக்கும் சேர்த்து, வாங்கிக்கொண்டார்.

நான் பொறுக்கச் சொன்னது தொழில்படி சரிதான். ஆனால் வெட்டுவோம் என்ற பயத்தை வைத்தே இத்தனை வருடம் ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள் என்பது அந்த அறையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் காலையிலேயே ஃபைபரை ஒட்டிவிடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று விடாது. சாப்பாட்டுக்கு ஏரல் பக்கம், பெரிய பேருந்துக்கு முக்காணியில் சாலை பிரியும் விலக்கு. ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். இரண்டாவது லைனை முதலிலேயே பேசிவையுங்கள், எங்களைப் போலத் தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் அல்ல. பக்கத்து ஊரில் நெட் நடத்துகிறவரைப் போட்டிக்காரர் என்று ஒதுக்காமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அவருக்கும் இதே மாதிரி ஒரு கம்பெனியிலிருந்துதான் மிரட்டல் வந்துகொண்டிருக்கும்.