அமாவாசைக்கு மறுநாள் கடற்கரையில்

ஆப்பிரிக்கச் சுற்றுலாவுக்கு நான் நாள் பார்த்தது சிங்கங்களுக்காக. என் கணவர் நாள் பார்த்தது ஆடி அமாவாசைக்காக. மாமா, இவருடைய அப்பா, காலமான பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. தகப்பனை நினைத்து விரதமிருந்து கடலில் முழுக வேண்டும். ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக் குசினியில் தொங்கும் கோயில் கலண்டரையும் பயணத் திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அமாவாசை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நமீபியாவில் ஒரு கடலோர ஊரில் ஓய்வு நாள்.

"பாத்தீரோ, அப்பாவே எல்லாம் ஒழுங்குபண்ணித் தந்திருக்கிறார்" என்றார்.

மாமா உயிரோடிருந்தபோது எதையும் ஒழுங்குபண்ணியதாக எனக்கு நினைவில்லை. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குக் கடைக்காரர்கள் கூடாரம் கழற்றும் நேரத்தில் போய், நசிந்த தக்காளியோடு சந்தோஷமாகத் திரும்புகிறவர் அவர்.

செவ்வாய் காலை வழிகாட்டி, "இன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார். குழுவில் பாதிப்பேர் மணல்மேட்டில் சறுக்கப் போனார்கள். மீதிப்பேர் கேக் கடை தேடிப் போனார்கள். பாலைவனமும் கடலும் ஒட்டிக்கிடக்கும் ஊர் அது. எங்கும் பனிமூட்டம், குளிர். நாங்கள் வேட்டியும் தலை துவட்டத் துவாயும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்போதுதான் கிளென்ஃபீல்டில் இருக்கும் இவருடைய தம்பி போன் பண்ணினார். "அண்ணை, இஞ்ச நாங்கள் எல்லாம் முடிச்சிட்டம். நீங்கள் நேற்றே முழுகிட்டியள்தானே?"

"நேற்றோ? இண்டைக்கெல்லோ செவ்வாய்?"

தம்பி நாளைக் கணக்குப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நாங்கள் பார்த்து வந்தது ஆக்லாந்துக் கலண்டர். அங்கே பிற்பகலில் அமாவாசை கழிந்தபோது இங்கே பொழுதே விடிந்திருக்கவில்லை. இங்கே அமாவாசை திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமை முழுக்க நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். மதியம் நிறுத்திய இடத்தில் இவர் மானிறைச்சியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போனை வைத்துவிட்டுக் கரையோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். வேட்டி மடியில் மடித்தபடியே கிடந்தது.

"சரி, முழுகிட்டு வாங்கோவன்."

"இனி என்னத்துக்கு? பிந்திப்போச்சு. முதல் வருசமே அவரைப் பட்டினி போட்டிட்டு நான் இறைச்சி திண்டிருக்கிறன்."

எனக்குத் திதியிலோ விரதத்திலோ பெரிய பிடிப்பில்லை. ஆனால் இவர் இப்படி ஒடுங்கிப்போய் உட்கார்ந்ததைச் சாவீட்டில்கூட நான் பார்க்கவில்லை. கவலையாக இருந்தது. எனக்குக் கவலை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"உங்கட அப்பா எப்பவாவது நேரத்துக்கு வந்தவரோ? எங்கட கலியாணத்துக்கே தாலி கட்டி முடியத்தானே மனுசன் வந்து நிண்டது" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும். மூன்று தரம் முழுகிவிட்டு, பல் கிடுகிடுக்க என் பக்கம் திரும்பினார்.

"அப்பா வந்திருப்பாரோ?"

"இனித்தான் வருவார். கொஞ்சம் நில்லுங்கோ."

இவர் கடல் பக்கம் திரும்பி நின்றார். நான் துவாயை விரித்துப் பிடித்தபடி கரையில் காத்துக்கொண்டிருந்தேன்.